விடைக்குறிப்பைத் திறக்கும் முன்

சென்ற ஆண்டு ஜிமேட் தேர்வுக்கு வழி கேட்டு என்னிடம் ஒரு பெண் வந்தாள். கையோடு ஓர் எக்செல் தாளையும் எடுத்து வந்திருந்தாள். ஐந்து மாதமாகப் போட்டுப் பார்த்த மொழித் தருக்கக் கேள்விகள் அத்தனையும் அதில் வரிசையாக இருந்தன. தேதி, கேள்வியின் வகை, எடுத்துக்கொண்ட நொடிகள், சரியா தவறா என்று நான்கு பத்திகள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மாதிரித் தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணோ மூன்றாவது மாதம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"இன்னும் எவ்ளோ போடணும் சார்?" என்று கேட்டாள்.

அவள் 'சரி' என்று குறித்திருந்த கேள்விகளில் ஒன்றை எடுத்தேன். மற்ற நான்கு விடைகளும் ஏன் தவறு என்று கேட்டேன். நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதான் ஆன்சர் மாதிரி இருந்துச்சு சார்" என்றாள். ஆயிரம் கேள்விகளின் உழைப்பு அந்த 'மாதிரி'யில் வந்து நின்றதைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. அவளிடம் சோம்பல் துளியும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்திருக்கிறாள்.

இந்தத் தேர்வின் வேர் 1953இல் இருக்கிறது. அமெரிக்காவின் ஒன்பது வணிக மேலாண்மைப் பள்ளிகள் ஒன்றுகூடி, முதுநிலைப் படிப்புக்கு வருவோரை அளக்கப் பொதுவான தேர்வு ஒன்று வேண்டும் என்று முடிவுசெய்தன. 1997இல் அது கணினிக்கு மாறியது. எழுதுபவர் தரும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் கூடியும் குறைந்தும் வரும் முறை அப்போது வந்தது. 2023 நவம்பரில் அறிமுகமான இப்போதைய வடிவத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொழித் தருக்கப் பகுதியில் 23 கேள்விகள். ஒரு கேள்விக்கு முழுதாக இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. நீண்ட பத்தியைப் படித்து விடை சொல்வது ஒரு வகை, நாலைந்து வரியில் தரப்படும் வாதத்தை ஆராய்வது இன்னொரு வகை. மாணவர்கள் வாயில் இவை ஆர்சி, சிஆர். மொத்த மதிப்பெண்ணில் மூன்று பகுதிகளுக்கும் சமப் பங்கு. பொறியியல் முடித்து வருகிற நம் பிள்ளைகளில் பலர் கணக்கைக் கண்டு அஞ்சுவதில்லை. அவர்களுக்குக் கால் இடறுவது இங்கேதான்.

இந்தக் கேள்விகளைப் பயில்வதில் உண்மையான பயன் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நானே ஒரு கேள்வி செய்து காட்டுகிறேன். ஒரு நகரில் இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கு ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, விபத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. எனவே ஹெல்மெட் பாதுகாப்புத் தரவில்லை என்கிறார் ஒருவர். அவருடைய வாதத்தை எது தளர்த்தும்?

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது ஹெல்மெட்டைப் பற்றிய அபிப்பிராயம். வெயிலில் வியர்க்கும், பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் கேட்காது, இருந்தாலும் உயிர் முக்கியம் என்றெல்லாம் சொல்வார்கள். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சுத்தான், ஆனால் எதுவும் அந்த வாதத்தைத் தொடவில்லை. வாதத்தின் மூட்டு வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்கு வருவோர் கூடினால் பாதிப்பும் கூடியிருக்கிறது என்று அவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டுவிட்டார். முன்பெல்லாம் சாலையிலேயே இறந்துபோனவர்கள் இப்போது காயத்தோடு பிழைத்து மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்றால்? அவர் காட்டிய அதே எண்ணிக்கை, ஹெல்மெட் உயிரைக் காத்ததற்குச் சாட்சியாகிவிடுகிறது. ஒரு வாதத்தில் முடிவு எது, ஆதாரம் எது, இரண்டுக்கும் நடுவே யாரும் வாய்விட்டுச் சொல்லாத பாலம் எது என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நம் பள்ளிகளில் எந்தப் பாடமும் நேரடியாகக் கற்றுத்தருவதில்லை. கல்லூரியிலும் பெரும்பாலும் இல்லை. ஓர் இளைஞர் வாழ்க்கையில் முதல்முறையாக இதைச் சந்திப்பது ஒரு நுழைவுத் தேர்வுப் புத்தகத்தில் என்பது நம் கல்வியைப் பற்றிய குறை. புத்தகத்துக்கு அது பெருமைதான்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னொரு வழியிலும் உதவுகிறது. 'எல்லோரும் வரவில்லை' என்று சொன்னால் ஒருவர்கூட வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் வரவில்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலும் சூழலும் அதைத் தீர்த்துவைக்கும். தேர்வில் குரல் இல்லை. 'நாட் ஆல்' என்பதை 'நன்' என்று படித்துவிட்டால் கேள்வி கைநழுவிப் போய்விடும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவர் அபூர்வம். பல பக்கம் விளக்கியும் பிடிபடாதவர்களிடம், மழை பெய்தால் ஏரி நிறையும், மழை பெய்தால்தான் ஏரி நிறையும் என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முதல் வாக்கியத்தின்படி மழை இல்லாமலும் ஏரி நிறையலாம், ஆற்றிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்கள். இரண்டாவதில் மழை இல்லாமல் நிறையாது, ஆனால் மழை பெய்துவிட்டதாலேயே நிறைந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. அந்த ஒற்றைத் 'தான்' செய்யும் வேலை அவர்களுக்குப் பிறவியிலேயே தெரியும். அதை ஆங்கில வாக்கியத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி வேண்டும்.

ஆர்சி பத்திகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 'ஆசிரியரின் நோக்கம் என்ன' என்ற கேள்விக்குத் தவிக்கும் மாணவர்களிடம் நான் நன்னூலைப் பற்றிப் பேசுவதுண்டு. நூல் எழுதுகிறவர் எடுக்கக்கூடிய நிலைகளை அது ஏழு மதங்களாக வகுத்திருக்கிறது. பிறர் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம், முதலில் ஏற்பதுபோல் கொண்டு பிறகு களையலாம், தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எதனோடும் சேராமல் தன் வழியில் நிற்கலாம். ஜிமேட்டில் வரும் பத்திகளில் ஆசிரியரின் நிலை பெரும்பாலும் இந்த ஏழில் ஒன்றுக்குள் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் உரையாசிரியர்கள் எதிர்க்கேள்வியைத் தாமே எழுப்பி, தாமே விடை சொல்லிக்கொண்டு போன முறையும் இதற்கு அடுத்த வீடு. வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிய வித்தை இல்லை, கைவிட்ட வித்தை.

இத்தனை நன்மை இருந்தும் அந்தப் பெண்ணின் மதிப்பெண் ஏன் நகரவில்லை?

அவள் கேள்வி போடும் விதத்தை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படிக்கிறாள், ஒரு விடையைத் தொடுகிறாள், உடனே விடைக்குறிப்பைத் திறக்கிறாள். சரியென்றால் அடுத்த கேள்வி. தவறென்றால் விளக்கத்தைப் படித்து, "ஓ, ஆமால்ல" என்கிறாள். பிறகு அடுத்த கேள்வி. இந்த 'ஆமால்ல'வில்தான் பயிற்சி பழுதாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விடை 'சி' என்று தெரிந்த அந்தக் கணமே மனம் 'சி'யிலிருந்து பின்னோக்கிப் படி கட்ட ஆரம்பித்துவிடும். 'டி' என்று சொல்லியிருந்தாலும் கட்டியிருக்கும். விளக்கம் புரிந்துவிட்டது என்ற நிறைவு உண்மையானது, ஆனால் புரிந்தது அந்த விளக்கம் மட்டுமே. அடுத்த கேள்வியில் விளக்கம் இல்லாமல் நிற்கும்போது பழைய தடுமாற்றம் அப்படியே திரும்பி வருகிறது.

சரியாகப் போட்ட கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். தவறான காரணத்தால் சரியான விடைக்கு வந்துசேர்ந்ததை எந்த எக்செல் தாளும் காட்டிக்கொடுக்காது. அது பச்சை நிறத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் விளக்கம் கேட்கும் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. தவறான விடையைக் கொடுத்து 'இது ஏன் சரி' என்று கேட்டால்கூடச் சில சமயம் அது நயமாக விளக்கிவிடுகிறது. தன் காரணத்தைத் தானே முதலில் எழுதிவைக்காத மாணவருக்கு அந்த விளக்கத்தின் ஓட்டை எப்படித் தெரியும்?

கேள்விகளின் தரமும் சேர்ந்து படுத்துகிறது. உண்மையான தேர்வில் ஒரு கேள்வி மதிப்பெண்ணுக்கு எண்ணப்படும் முன், மதிப்பெண் இல்லாத சோதனைக் கேள்வியாகப் பலரிடம் போட்டுப் பார்க்கப்படுகிறது. அந்தச் சல்லடை வெளிச்சந்தையில் கிடைக்கும் அரைகுறைத் தொகுப்புகளுக்கு இல்லை. இரண்டு விடைகளுக்குச் சமமான நியாயம் இருக்கும் கேள்விகளை அவற்றில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சரியாக யோசித்த பிள்ளையிடம் அந்தப் புத்தகம் 'தவறு' என்கிறது. பத்துமுறை அப்படி நடந்தால் அவள் தன் காரணத்தை நம்புவதை விட்டுவிட்டு, கேள்வி எழுதியவரின் மனசை ஊகிக்கத் தொடங்குகிறாள். எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் இப்படிப்பட்ட தொகுப்புகளை வாங்கிக் குவிப்பது பணத்துக்கு மட்டுமான நட்டம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

வாக்கியத் திருத்தக் கேள்விகளுக்கு நேர்ந்ததையும் இங்கே நினைக்கவேண்டும். பழைய ஜிமேட்டின் மொழிப் பகுதியில் அவை மூன்றாவது வகை. எந்த வினைச்சொல்லுக்கு எந்த முன்னிடைச்சொல், எந்தத் தொடருக்கு எந்த இணை என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்களை நான் அறிவேன். விதியை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியும், பட்டியலை அச்சடித்துக் கையில் தரமுடியும். அதனால் கற்பிப்பவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. 2024 ஜனவரி 31உடன் பழைய வடிவம் முடிந்தது. புதியதில் வாக்கியத் திருத்தம் இல்லை. பட்டியல்களைச் சுமந்தவர்களின் மாதங்கள் பயனற்றுப்போயின. ஒரு வாக்கியத்தில் எது எதைத் தழுவி நிற்கிறது என்று பொருளோடு பார்க்கப் பழகியவர்கள் அந்தக் கண்ணை ஆர்சிக்குள் கொண்டுபோனார்கள்.

கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே நொடி எண்ணிப் பழகுவது, நீச்சல் தெரியுமுன் பந்தயத்தில் இறங்குவதற்குச் சமம். விடைகளைக் கழித்தே பழகுவதும் அப்படித்தான். நம் நாட்டு மேலாண்மைப் படிப்புக்கான கேட் தேர்வில் வரும், கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி அதற்கு நல்ல உரைகல். தேர்ந்தெடுக்க விடைகளே தராமல், வரிசையைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். கழித்துக் கழித்தே விடை கண்டு பழகிய மாணவர் அங்கே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

இதுவரை சொன்னவை பயிலும் விதத்தின் குறைகள். விதத்தை மாற்றினாலும் போகாத குறை ஒன்று கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது. பத்திக்கு வெளியே போகாதே என்பது இந்தப் பயிற்சியின் முதல் கட்டளை. ஆனால் இந்தத் தேர்வு கொண்டுபோய் விடுகிற வகுப்பறையில் நடப்பது என்ன? ஹார்வர்டு வணிகப் பள்ளி 1920களிலிருந்து நிறுவனங்களின் உண்மை நிகழ்வுகளை வைத்து விவாதித்தே பாடம் நடத்துகிறது. மேலாண்மைப் பள்ளிகள் பல அந்த வழியைப் பின்பற்றுகின்றன. அங்கே ஐந்து விருப்பங்கள் இல்லை, விடைக்குறிப்பும் இல்லை. கொடுத்த தகவலில் எது விடுபட்டிருக்கிறது, அதை யாரிடம் போய்க் கேட்பது என்பதே பாதி வேலை. பத்திக்கு உள்ளேயே நிற்கப் பழகிய மனம் வெளியே போகவும் தெரிந்ததாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. அதனால்தான் சிஆர் வகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 'எதைத் தெரிந்துகொண்டால் இந்த வாதத்தை மதிப்பிட உதவும்' என்று கேட்கும் கேள்வி. அது கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது. மாணவர்கள் பலர் அதை வேண்டாவெறுப்பாகவே போடுகிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் எக்செல் தாளை மூடிவைக்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஆறே கேள்வி, அதிகாரபூர்வமானவை மட்டும். விடைக்குறிப்பைத் திறக்கும் முன் ஒரு நோட்டில் நான்கு விஷயங்கள்: வாதத்தின் முடிவு, அதன் ஆதாரம், சொல்லாமல் விட்ட பாலம், விழுகிற ஒவ்வொரு விடையும் ஏன் விழுகிறது என்பதற்கு ஒரு வரி. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். அவள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் எழுதினாள். முதல் கேள்வி நாற்பது நிமிடம் பிடித்தது. முதல் வாரத்தில் இரண்டு முறை, இப்படிப் போனால் எப்போது முடிப்பது என்று அழாத குறையாகக் கேட்டாள். எனக்கும் அப்போது கொஞ்சம் பயம்தான், தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தது. மூன்றாம் வாரத்தில் காரணங்கள் குறுகின, கை தானாக வேகம் பிடித்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், விடைக்குறிப்பை ஏற்க முடியாத கேள்விகளைத் தனியே எழுதிவைத்திருக்கிறாள். மூன்று இருக்கின்றன. ஒன்றில் அவள் 'சம்' என்ற சொல்லைத் தவறவிட்டதைக் கண்டுபிடித்தோம். இன்னொன்று அவள் முன்பு போட்டுப் பார்த்த அரைகுறைத் தொகுப்பு ஒன்றிலிருந்து வந்தது. அதில் அவள் சொல்வதே சரி. மூன்றாவது அதிகாரபூர்வக் கேள்வி. விடைக்குறிப்பை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவள் தேர்ந்த நான்காவது விடை ஏன் விழுகிறது என்று அவள் ஏற்கும்படி எனக்கு இன்னும் சொல்ல வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே உட்காருகிறோம்.