பூக்காரியும் பேசும் பொறியும்

ஒரு பொருளுக்கு இடப்படும் பெயர், அதனை இட்டவரது உலக நோக்கையும் ஓரளவிற்கு வெளிப்படுத்தி விடுகிறது. இலக்கிய மாணவர்க்குப் பழகிப்போன இவ்வுண்மையை விஞ்ஞானத் துறையிற் பொருத்திப் பார்க்கும் வழக்கம் எம்மிடையே அரிது. 1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்பவர், மனிதரோடு எழுத்து மூலம் உரையாடும் கணினி நிரல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அந்நிரலுக்கு அவர் இட்ட பெயர் ‘எலைசா’. பேர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்து நாயகியின் பெயர் அது. இன்று கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ‘சாட்ஜிபிடி’ முதலான உரையாடற் பொறிகளுக்கு இந்நிரலையே முன்னோடியாகக் கூறுவர். ஆகவே, அந்த நாடகத்திலிருந்து வைசன்பாம் எதனை எடுத்துக்கொண்டார், எதனை விட்டுவிட்டார் என்று ஆராய்வது, எமது காலத்தின் பெரும் மயக்கங்களுள் ஒன்றைத் தெளிவிக்க உதவும் எனலாம்.

‘பிக்மேலியன்’ 1913இல் வியன்னாவிலும், 1914இல் இலண்டனிலும் மேடையேறியது. பழங்கதையில் வரும் பிக்மேலியன் ஒரு சிற்பி. அவன் தான் செதுக்கிய பெண்ணுருவின்மீது காதல் கொள்ள, தெய்வ அருளால் அச்சிலை உயிர்பெறுகிறது. ஷா இக்கதையைத் தலைகீழாக்கினார். உயிருள்ள ஓர் ஏழைப் பெண்ணைக் கல்லாகக் கருதும் பேராசிரியரையே அவர் படைத்தார். தெருவிற் பூ விற்கும் எலைசா டூலிற்றிலின் பேச்சை ஆறு மாதத்தில் மாற்றி, அவளைச் சீமாட்டி என உயர்குடியினர் நம்பச் செய்யலாம் என்று ஒலியியற் பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் பிடிக்கிறார், வெற்றியும் பெறுகிறார். நாடகத்தின் உயிர்நிலை அதன் பின்னரே தொடங்குகிறது. வென்ற இரவில், ஒரு தொல்லை ஒழிந்தது என்று அவர் ஆறுதல் கொள்ள, எலைசாவின் வாழ்வு அந்தரத்தில் நிற்கிறது. முன்பு பூ விற்றாள். இனி அவள் எதனை விற்று வாழ்வது? ஹிக்கின்ஸின் தாயாரும் வீட்டுப் பணிப்பெண்ணும் முன்னரே கேட்ட இக்கேள்வியை, அறிவாளியான அவர் ஒருபோதும் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் எலைசாவே எதிர்த்து நிற்கிறாள். கற்ற ஒலியியலைத் தானே பிறர்க்குக் கற்பித்து வாழப்போவதாக அவள் அறிவிக்கும்போது, எஜமானனின் கருவி உழைப்பாளியின் கைக்கு மாறிவிடுகிறது.

இந்நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஆழ்ந்து நோக்கற்குரிய காட்சி ஒன்றுண்டு. பயிற்சி பாதியளவில் இருக்கும்போது, ஹிக்கின்ஸின் தாயார் வீட்டு வரவேற்பறைக்கு எலைசா அழைத்துச் செல்லப்படுகிறாள். அவளது உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அவள் பேசுவதோ, இறந்துபோன தன் சிற்றன்னையை ஒரு தொப்பிக்காக யாரோ கொன்றிருக்க வேண்டும் என்ற செய்தியை! சேரிப்புறத்தின் வறுமையும், மதுவும், சாவும் சீமாட்டியின் உச்சரிப்பில் அந்த அறைக்குள் நுழைகின்றன. பார்வையாளர் சிரிக்கின்றனர். சற்றே சிந்திப்பின், நாவைத் திருத்திய பேராசிரியரால் அவள் வாழ்ந்த வாழ்வைத் திருத்த இயலவில்லை என்பது புலப்படும். மொழியின் மேற்பூச்சுக்கு அடியில் ஓர் உலகம் இருந்தது. அதனை அநுபவித்த ஒருத்தி இருந்தாள்.

இனி வைசன்பாமின் எலைசாவுக்கு வருவோம். அதன் பொறிமுறை மிக எளியது. எதிரே இருப்பவர் தட்டச்சிடும் வாக்கியத்தில் முக்கியமான சொல் ஏதேனும் உண்டா என அது தேடும். கண்டால், அச்சொல்லுக்கென வகுத்த விதிப்படி வாக்கியத்தைக் கூறுபோட்டு, ‘என்’ என்பதை ‘உங்கள்’ என மாற்றி, கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கும். “எனக்கு உறக்கம் வருவதில்லை” என்று ஒருவர் எழுதினால், “உங்களுக்கு ஏன் உறக்கம் வருவதில்லை என நினைக்கிறீர்கள்?” என்ற பாணியில் மறுமொழி வரும். சொல் எதுவும் அகப்படாவிடின், மேலும் கூறும்படி கேட்கும். ‘டொக்டர்’ என்ற அதன் புகழ்பெற்ற வடிவம், கார்ல் ரொஜர்ஸின் முறையைப் பின்பற்றும் உளவைத்தியரைப் போல நடித்தது. இத்தேர்விற் பெரும் சாதுரியம் இருந்தது. உலகைப் பற்றி எதுவும் அறியாதவர்போல் இருந்து, நோயாளியின் சொல்லையே திருப்பிக் கேட்கும் உரிமை அத்தகைய வைத்தியர்க்கு உண்டல்லவா? கணினியின் அறியாமை வைத்தியரின் பொறுமையாகத் தோற்றம் பெற்றது.

ஷாவின் எலைசாவைப் போல இந்நிரலையும் மேன்மேலும் செம்மையாகப் பேசக் கற்பிக்கலாம் என்பதனாலேயே அப்பெயரை வைசன்பாம் தெரிவு செய்தார். நாடகத்தின் முதற்பாதியை மாத்திரம் அவர் எடுத்துக்கொண்டார் என்பது இதிலிருந்து தெளிவாகும். பயிற்சி உண்டு, பந்தயமும் உண்டு, ஆயின் எதிர்த்தெழும் எலைசா அங்கே இல்லை. ஏனெனில் எழுவதற்கு அங்கு ஒருவரும் இல்லை. ஷாவின் நாடகத்தில் ஒரு மனிதப் பிறவி பொருளாக நடத்தப்பட்டது. வைசன்பாமின் ஆய்வுகூடத்திலோ ஒரு பொருள் மனிதப் பிறவியாக நடத்தப்படலாயிற்று.

இதனை முதலிற் கண்டு திடுக்குற்றவரும் அவரே. அந்நிரல் உருவாகிய நாள் முதல் அதனை அறிந்திருந்த அவரது செயலாளர், அதனுடன் சிறிது நேரம் உரையாடிய பின், தம்மைத் தனியே விடும்படி அவரிடமே கேட்டுக்கொண்டாராம். உளவைத்தியர் சிலர், வைத்தியத்தையே இயந்திரமயமாக்கலாம் என எழுதத் தொடங்கினர். நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி, 1936இல் பெர்லினை விட்டுக் குடும்பத்துடன் வெளியேறிய யூதச் சிறுவனாகிய வைசன்பாமுக்கு, மனிதரை எண்களாக நோக்கும் அறிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்திருந்தது. அதன் விளைவே 1976இல் வெளிவந்த ‘கணினியின் ஆற்றலும் மனித அறிவும்’ என்ற பொருள்பட அமைந்த அவரது நூல்.

கணித்து முடிவு காண்பது வேறு, மனிதன் பொறுப்பேற்றுத் தெரிவு செய்வது வேறு என்பதே அந்நூலின் அடித்தளம். கணினியால் ஒன்றைச் செய்ய இயலுமா என்று மட்டும் கேளாது, அதனை அதனிடம் ஒப்படைத்தல் தகுமா எனவும் கேட்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சமுதாய அமைப்பை மாற்றவேண்டிய தேவை எழுந்த வேளையில், பழைய அமைப்பையே கட்டிக்காக்கும் கருவியாகக் கணினி வந்து சேர்ந்தது என்பதும் அவரது கருத்து. கம்போடியா மீது இரகசியமாக நிகழ்ந்த குண்டுவீச்சு கணினிப் பதிவுகளில் மறைக்கப்பட்டமையையும், பின்னர் இராணுவ உயரதிகாரி ஒருவர் கணினியின்மீதே பழியைச் சுமத்தியமையையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். பொறியின் முதுகுக்குப் பின்னே மனிதர் ஒளிந்துகொள்வர் என்பதனை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய கணினி அறிஞர் அந்நாளில் மிகச் சிலரே.

ஆயினும் நூலின் குறையையும் கூறுதல் விமர்சகன் கடன். வைசன்பாம் ஈற்றிற் சரண் புகுவது தனிமனித மனச்சாட்சியிடத்து. விஞ்ஞானி மறுத்துரைக்கவேண்டும், ஆசிரியர் முன்மாதிரியாக விளங்கவேண்டும் என்கிறார். இவை உயர்ந்த அறிவுரைகளே. எனினும் பொறி யாருக்குச் சொந்தம், அதனால் வரும் இலாபம் எவரைச் சேர்கிறது, அதற்காக எவர் உழைக்கின்றனர் என்ற வினாக்களை அவர் ஈறுவரை தொடரவில்லை. அவர் 2008இற் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் பொறுப்பு எம்முடையது.

2022 நவம்பர் 30ஆந் தேதி ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட சாட்ஜிபிடி, பழைய எலைசாவினின்றும் பெரிதும் வேறுபட்டது. விதிகளை ஒருவர் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, பெருந்தொகையான மனித எழுத்தை ஆராய்ந்து, ஒரு தொடருக்குப் பின் எது வரக்கூடும் எனக் கணிக்கும் ஆற்றலை அது பெறுகிறது. கேட்ட பொருள்பற்றிக் கோவையாக எழுதவும், மொழிபெயர்க்கவும், நிரல் அமைக்கவும் வல்லது. இதனை வெறும் கண்கட்டு வித்தை என ஒதுக்குதல் விஞ்ஞான நோக்காகாது. இயந்திரத்தை வெறுப்பது முற்போக்காளர் மரபுமன்று. ஆனால் அக்கணிப்புக்கு மூலப்பொருள் மனிதர் எழுதிக் குவித்த எழுத்து. அதாவது திரண்டு கிடந்த மனித உழைப்பு. திருட்டுத் தளங்களிலிருந்து பெறப்பட்ட நூற்பிரதிகள் தொடர்பாக எழுத்தாளர் தொடுத்த வழக்கைத் தீர்க்க, அந்த்ரொபிக் என்ற நிறுவனம் 150 கோடி டொலர் செலுத்த 2025 செப்டம்பரில் உடன்பட்டமை, இவ்வுழைப்பு எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

எழுத்தாளர்க்காவது வழக்காட முடிந்தது. பெயரற்ற வேறு சிலரும் இப்பொறியின் பின்னே உளர். 2023 சனவரியில் ‘ரைம்’ சஞ்சிகை வெளியிட்ட செய்தியின்படி, சாட்ஜிபிடி அருவருப்பானவற்றைப் பேசாதிருக்கப் பயிற்றும் பொருட்டு, கென்யா நாட்டுத் தொழிலாளர் மணிக்கு 2 டொலருக்கும் குறைந்த ஊதியத்துக்கு, வன்முறையையும் பாலியற் கொடுமையையும் விவரிக்கும் பகுதிகளை வாசித்து வகைப்படுத்தினர். அதே ஆண்டு பெப்ரவரியில் அந்நிறுவனம் அறிமுகஞ் செய்த கட்டணச் சேவைக்கு மாதம் 20 டொலர். அத்தொழிலாளி ஒருவர் பத்து மணி நேரத்துக்கு மேல் அந்த நரகத்தை வாசித்தாலே அவ்வொரு மாதக் கட்டணத்தைச் செலுத்த முடியும். பொறியின் நாகரிகமான பேச்சைக் கேட்டு வியப்போர், அதனை நாகரிகப்படுத்தியவர் எவர் என்று கேட்பதில்லை. ஷாவின் எலைசா மறைந்துவிடவில்லை. வரவேற்பறையிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணுக்கெட்டாத தூரத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறாள்.

வைசன்பாம் கண்ட மயக்கம் இன்று வாணிபமாகவும் வளர்ந்துள்ளது. 2025 ஏப்ரலில், பயன்படுத்துவோரை அளவுமீறிப் புகழ்ந்து பேசியமையால், தனது பொறியின் புதிய திருத்தம் ஒன்றை ஓப்பன்ஏஐ திரும்பப் பெற நேர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், ஜிபிடி-5 வந்ததும் பழைய பொறி நிறுத்தப்பட்டபோது, நெருங்கிய தோழரை இழந்தாற்போலப் பலர் புலம்பினர். சில நாட்களில், கட்டணம் செலுத்துவோர்க்கு அது மீட்டளிக்கப்பட்டது. தம்மைத் தனியே விடும்படி கேட்ட அந்தச் செயலாளரை எண்ணிப் பாருங்கள். அன்று அந்த அந்தரங்கத்துக்கு விலை இல்லை. இன்று மாதக் கட்டணம் உண்டு. இவ்வாறு புலம்பியோரை எள்ளுதல் தகாது. கேட்பதற்கு ஒரு செவி கிடையாத சமுதாயத்திலேதான் செவி போன்ற பொறிக்குச் சந்தை உண்டாகிறது.

இவையெல்லாம் தொலைதேசத்துச் செய்திகள் என்று ஆசிரியர் எவரும் இன்று ஆறியிருக்க முடியாது. ஆங்கில உச்சரிப்பால் மனிதரை அளக்கும் கொடுமையை எமது நாட்டவர்க்கு விளக்கவேண்டியதில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், எனக் குறிப்பிடுவது போதும். தமிழிலும் எமக்கு ஹிக்கின்ஸ்கள் இருந்தனர். 1960களின் முற்பகுதியில், டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைகளிற் கொண்டுவந்த காலத்தில், அதனை ‘இழிசனர் வழக்கு’ என இகழ்ந்த பண்டிதர்களை நாம் மறந்துவிடவில்லை. அப்போராட்டத்தில் முற்போக்கு எழுத்தாளர் நிலைநாட்டிய உண்மை யாது? மக்களின் மொழி அவர்தம் வாழ்வோடு பிணைந்தது. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் துடைபடும் என்பதே.

இன்று மாணவன் தன் ஊரைப் பற்றிய கட்டுரையைப் பொறியிடம் கேட்கிறான். பிழையற்ற தமிழில் அது வந்து விடுகிறது. பச்சை வயலும், பாடும் குயிலும், ஒற்றுமையாய் வாழும் மக்களும் அதில் உண்டு. தண்ணீர் அள்ள எந்தக் கிணற்றுக்கு எவர் போகலாகாது என்பது அதில் இல்லை. தோட்டத்து லயத்து அறையொன்றில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பது இல்லை. காணாமற்போன தமையனும் இல்லை. எலைசாவின் மூன்றாம் அங்கக் காட்சிக்கு நேர்மாறான காட்சி இது. அவளிடத்து உச்சரிப்பைப் பிளந்துகொண்டு வாழ்வு வெளிப்பட்டது. இங்கு உச்சரிப்பே எஞ்சி, வாழ்வு விடைபெற்றுவிட்டது. பண்டிதர் அன்று அதிகாரத்தாற் செய்ய முயன்றதை, பொறி இன்று உதவி என்ற பெயராற் செய்து முடிக்கிறது. பிழையற்ற நடைக்கே புள்ளி வழங்கிப் பழகிய எமது கல்விமுறை அதற்கு ஏற்கனவே பாதை சமைத்துள்ளது.

ஆகவே தடைவிதித்தல் மாத்திரம் தீர்வாகாது. பொறி எழுதிய பந்தியை வகுப்பிலே வாசித்து, இதனைச் சொல்பவர் யார், எங்கே நின்று சொல்கிறார், எதனைச் சொல்லாமல் விடுகிறார் என மாணவரைக் கேட்கச் செய்யவேண்டும். இவை விமர்சனத்தின் பழைய வினாக்களே. வழுவும் தடுமாற்றமும் உள்ள வாக்கியத்திலே ஒரு மாணவியின் கண்ட உண்மை இருக்குமாயின், அதற்கு முதன்மை தந்து, பின்னர் வழுவைக் களைய உதவவேண்டும். அதேவேளை, மனித இனத்தின் பொதுச் செல்வமாகிய மொழியினின்றும் உருவாக்கப்பட்ட இக்கருவிகள் ஒருசில நிறுவனங்களின் தனியுடைமையாக இருப்பது நீதியா என்ற வினாவையும் நாம் ஓயாது எழுப்பவேண்டும். பேசக் கற்றுக்கொடுத்தவன் பேச்சுக்கு உரியவனாகிவிடமாட்டான் என்பதனை ஹிக்கின்ஸுக்கு எலைசா உணர்த்தினாள். பொறி அதனைத் தன் உடைமையாளர்க்கு ஒருநாளும் உணர்த்தப்போவதில்லை; அதனை உணர்த்தவேண்டியவர் நாமே.