தொப்பிக்குள் தொலைந்த நடிகர்

ஜனவரி பிறந்தால் ஜொகூரில் எம்.ஜி.ஆர். வேடங்களுக்கும் பருவம் பிறந்துவிடுகிறது. பொங்கலும் அவருடைய பிறந்தநாளான ஜனவரி 17-ம் அடுத்தடுத்து வருவதால், இரண்டுக்கும் சேர்த்தே மேடை போட்டுவிடுகிறார்கள். ஜொகூர் பாருவில் அண்மையில் நடந்த அப்படியொரு கலைநிகழ்ச்சியில் 'அச்சு அசல்' எம்.ஜி.ஆருக்குக் கோப்பை வழங்கிய ஏற்பாட்டாளர், இந்த வேடக் கலைதான் மக்கள் திலகத்தை அடுத்த தலைமுறையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றார். அரங்கம் கைதட்டியது. இந்த வாதத்தோடு எனக்கு நெடுநாளாகவே உடன்பாடு இல்லை. விருதும் கொடுத்து அதை நிலைநாட்டப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

வேடம் கட்டுகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய், இரவு திரும்பி வந்து கண்ணாடி முன் நின்று பழகுகிறவர்கள் அவர்கள். சொந்தச் செலவில் உடை தைக்கிறார்கள். முதியோர் இல்லங்களில் அவர்கள் நுழைந்ததும் பாட்டிமார் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்டு, சனங்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று தாமான்களில் சிதறிய பிறகு, எல்லாரையும் ஓரிடத்தில் கூட்ட இன்னும் ஒரு பெயரால் முடிகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் மேடையில் வருவது யார்? வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கைக்கடிகாரம், தோளில் துண்டு. இந்த உருவம் 1972-ல் அ.தி.மு.க. கண்டு, 1977-ல் முதலமைச்சரான தலைவருடையது. பாட்டு மட்டும் 1965-ன் படங்களிலிருந்து ஒலிக்கிறது. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அந்தத் தொப்பி ஏது? 'ஆயிரத்தில் ஒருவ'னில் நம்பியாரோடு வாள் வீசியவருக்குக் கறுப்புக் கண்ணாடி ஏது? தலைவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு நடிகரின் பாட்டுக்கு வாயசைக்கிறோம். அதையே அச்சு அசல் என்கிறோம்.

தமிழ்நாட்டு மேடையில் இதைச் செய்தால் ஒரு நியாயம் உண்டு. அங்கே அவர் ஓட்டு வாங்கிய தலைவர். ஜொகூர்த் தமிழன் இரட்டை இலையில் முத்திரை குத்தியவன் அல்லன். தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களில்தான் நம் மூத்தவர்கள் அவரைக் கண்டார்கள். 'தொழிலாளி', 'படகோட்டி', 'விவசாயி', 'ரிக்‌ஷாக்காரன்' என்று பெயரிலேயே உழைப்பைச் சுமந்த படங்கள் அவை. பகலெல்லாம் பால்மரம் சீவிய கை, ராத்திரி திடலில் அந்த மனிதருக்காகத் தட்டியது. நமக்கு அவர் முதலும் முடிவும் நடிகர். அந்த நடிகரைத்தான் நம் மேடை தொலைத்துவிட்டு நிற்கிறது.

சாட்டைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். எந்த ஜொகூர் மேடையும் அதை விட்டதில்லை. கையில் சாட்டையோடு ஒருவர் வருவார், சொடுக்குவார், பாட்டு முடியும், விசில் பறக்கும். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அது அப்படி நடப்பதில்லை. தாப்பி சாணக்யா இயக்கிய அந்தப் படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரண்டு வேடம். ராமு என்பவன் தன் வீட்டிலேயே அடிபட்டு ஒடுங்கிக் கிடக்கும் கோழை. தோள் குறுகி, பார்வை தரையில் பதிந்து, காலடிச் சத்தம் கேட்டாலே உடம்பு பின்வாங்கும். நம்பியாரின் சாட்டை அவன் முதுகில் விழுவதை நாம் பார்த்துவிடுகிறோம். பிறகுதான் இரண்டாம் வேடமான இளங்கோ அந்த வீட்டுக்குள் வந்து அதே சாட்டையைப் பிடுங்குகிறான். மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் அவன் விளாசும்போது விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையும் டி.எம்.எஸ். குரலும் அப்படி ஏறி நிற்பதற்குக் காரணம், அடிபட்ட ராமு நம் நெஞ்சில் இருப்பதுதான். ஒரே முகம், ஒரே உடம்பு. நிமிர்வு மட்டும் வேறு. அந்த நிமிர்வுதான் நடிப்பு. எத்தனையோ மேடைகளில் இளங்கோவைப் பார்த்துவிட்டேன். ராமுவாக வந்து நின்ற ஒருவரையும் பார்க்கவில்லை. ராமு இல்லாத சாட்டை வெறும் தோல்வார்.

ஸ்டைல் என்று நாம் சொல்வது அவருக்குச் சும்மா வாய்த்ததில்லை. சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கனின் 'சதி லீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வர 1947 ஆனது. இடையிலே பதினோரு ஆண்டு. அந்த நாடக மேடையும் அந்தக் காத்திருப்பும்தான் வாளாகவும் சிலம்பமாகவும் ஓட்டமாகவும் அவர் உடம்பில் ஏறின. 'அன்பே வா' வெளிவந்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அதில் ஒரு மல்லனைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்துவார். 'நாடோடி மன்ன'னைத் (1958) தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரட்டை வேடமும் ஏற்றார். நம் போட்டிகளில் இந்த உழைப்பில் எதற்கு மதிப்பெண் உண்டு? இரண்டு விரலைத் தூக்கினால் போதும். நடுவர்கள் தொப்பிக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

இன்னும் என்னால் பொறுக்க முடியாதது குரல். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் பழையபடி திரும்பவில்லை. அதே ஆண்டு வந்த 'காவல்கார'னில் மாறிய குரலோடு அவரே பேசினார். ஒரு நடிகனுக்குக் குரல் போவது என்றால் என்னவென்று யோசித்தால், அந்தப் படத்தின் ஒவ்வொரு வசனமும் ஒரு தைரியம். நம் பலகுரல் கலைஞர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் குரலைத்தான். நாக்கைத் தடிக்கவைத்து, சொல்லை இழுத்து, அடித்தொண்டையில் குழறினால் அரங்கம் சிரிக்கிறது. காயத்தைப் போலச் செய்து கைதட்டு வாங்குகிறோம். அவரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இதை அஞ்சலி என்று என்னால் ஏற்க முடியாது. பகைவன்கூட ஒருவரின் குண்டுக்காயத்தை விகடமாக்கத் தயங்குவான்.

அடுத்த தலைமுறை என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. இந்த மேடைகளின் வழியே அவரை அறிந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, எம்.ஜி.ஆர். என்றால் தொப்பி போட்டுக்கொண்டு குழறிப் பேசும் பெரியவர். 'மர்மயோகி'யில் (1951) வசனம் பேசிய இளைஞரையும் இந்தப் பெரியவரையும் ஒரே ஆள் என்று சொன்னால் அந்தப் பிள்ளை நம்பாது. அந்த இளைஞரின் தெளிவான குரல் படங்களில் அப்படியே இருக்கிறது. அதே மண்டபத்தில், அதே திரையில், வேடப் போட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் அதை ஓடவிடலாம். செலவும் ஆகாது. கோப்பை கொடுத்த ஏற்பாட்டாளரிடம் இதைச் சொன்னேன். நேரமில்லை என்றார். நிகழ்ச்சி நான்கு மணி நேரம் ஓடியது.