டிவால்ட் 7492: காடியிலிருந்து தொடங்குங்கள்

மாடுலர் கிச்சன் வேலை எடுக்கும் சின்னப் பட்டறைகளில், பிளைவுட் பலகைக்கு அடியில் கை ரம்பத்தைக் கவிழ்த்து முடுக்கிய டேபிள் சாவை இன்றும் பார்க்கலாம். அறுத்த மரம் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் ரிவிங் நைஃப் அதில் கிடையாது. பலகை ஆளை நோக்கித் திரும்பிப் பாய்ந்தால் வயிற்றில்தான் அடி. அதிலிருந்து விடுபட நினைக்கும் ஆசாரிகளுக்கு நான் முதலில் சொல்லும் மெஷின் டிவால்ட் டி.டபிள்யூ.இ. 7492.

காரணம், பலகையை அணைத்துத் தள்ளும் அதன் கைடு. முன்பக்கத் திருகைச் சுற்றினால் பல்சட்டத்தில் இரு முனையும் ஒன்றாக நகர்கின்றன, கோணிக்கொள்வதில்லை. 250 மி.மீ. பிளேடு, 4800 ஆர்.பி.எம்., வலப்பக்கம் 825 மி.மீ. வரை நெடுக்கு வெட்டு. எட்டுக்கு நாலு ஷீட்டை நடுவில் பிளக்க 610 போதும் என்பதால் இது தாராளம்.

ஆனால் எந்த டேபிள் சாவையும் பெட்டியைப் பிரித்ததும் ஓட்டக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேஜையில் உள்ள மைட்டர் காடியிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காடி ஒன்றுதான் அசையாதது. பிளேடும் கைடும், பின்னால் சொல்லும் ஸ்லெட்டும் அதற்குத்தான் கட்டுப்பட வேண்டும். பிளேடை முழுக்க உயர்த்தி ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். காம்பினேஷன் ஸ்கொயரைக் காடியின் ஓரத்தில் அணைத்து, ஸ்கேலின் முனை அந்தப் பல்லை லேசாக உரசும்படி பூட்டுங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி பாருங்கள். முன்னால் கேட்ட அதே உரசல் பின்னாலும் கேட்க வேண்டும். இல்லையென்றால், மேஜைக்கு அடியில் பின்பக்க பிராக்கெட்டின் திருகுகளை ஆலன் கீயால் கொஞ்சம் தளர்த்தி நகர்த்தலாம். கைடையும் இதே காடிக்கு இணையாக வையுங்கள். பின்முனை பிளேடை நோக்கி ஒடுங்கினால் மரம் இறுகிக் கருகும், திரும்பியும் பாயும்.

குறுக்கு வெட்டுதான் இந்த வகை மெஷின்களின் பலவீனம். கூடவே வரும் மைட்டர் கேஜ் சின்னச் சட்டங்களுக்குப் போதும். ஷட்டர் அகலப் பலகைக்குப் போதாது. கைடை அணைத்து ஒப்பேற்றவும் கூடாது: அறுபட்ட துண்டு கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கித் தெறிக்கும். காடியில் ஓடும் ஸ்லெட் ஒன்றை 12 மி.மீ. பிளைவுட்டில் செய்துகொள்வதே வழி.

ஸ்லெட்டில் பலகையை அணைக்கும் சட்டம் பிளேடுக்கு 90 டிகிரியா என்பதற்கு மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சதுரப் பலகையின் விளிம்பை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பைச் சட்டத்தில் சேர்த்து அடுத்த விளிம்பு, இப்படியே நான்கும். ஐந்தாவதாக முதல் விளிம்பில் ஒரு பட்டை எடுத்து, அதன் இரு முனை அகலத்தையும் வெர்னியரில் அளங்கள். வரும் வித்தியாசம் பிழையின் நான்கு மடங்கு. 400 மி.மீ. பட்டையில் 0.4 வித்தியாசம் என்றால் உண்மைப் பிழை 400-க்கு 0.1. சட்டத்தின் ஒரு முனைத் திருகை அப்படியே விட்டு, அதிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கும் மறுமுனையை 0.15 நகர்த்தினால் தீர்ந்தது. பைக் மெக்கானிக் டேப்பெட்டுக்கு வைக்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

19 மி.மீ. முழு ஷீட்டின் எடை மெஷினின் எடையையே மிஞ்சும். வெளிவரும் பக்கம் மேஜை மட்டத்தில் தாங்கல் இல்லாமல் ஏற்றாதீர்கள். முதலில் ஷீட்டைத் தரையில் தெர்மாகோல் மேல் போட்டு, கை ரம்பத்தால் 5 மி.மீ. கூடுதலாக அறுத்து, பிறகு இங்கே கொண்டுவந்து அளவுக்கு எடுப்பதே நல்லது. நல்ல முகம் மேலே இருக்கட்டும். இந்த மெஷினில் பல் கீழ்நோக்கி இறங்குவதால் பிசிறு அடியில்தான் வரும். கை ரம்பத்துக்கு இது நேர்மாறு.

மாதத்துக்கு நாலைந்து அலமாரி செய்யும் பட்டறைக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். தினமும் பத்து ஷீட் கிழிப்பவர்கள் பணம் சேர்த்து பேனல் சாவுக்கே போகலாம். வாங்கும்போது பிளைவுட்டுக்கென 60 பல் பிளேடு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். நடுத்துளை 30 மி.மீ.தானா, வெட்டின் அகலம் ரிவிங் நைஃபின் தடிமனைவிடக் கூடுதலா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். 2000 வாட் மோட்டார் என்பதால் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.