அட்சய பாத்திரமும் சாப்பாட்டுக் கடையும்: ‘சோற்றுக்கணக்கு’ பற்றிய ஒரு நோக்கு

பசித்தோர்க்கு உணவிடுதலைப் பேரறமாகப் போற்றும் மரபு தமிழிலக்கியத்தில் மிகப் பழமையானது. ஆயின், சோற்றை விற்றுச் சீவிக்கும் சாப்பாட்டுக் கடைக்காரன் அறநாயகனாகப் படைக்கப்பட்டமை அரிது. அவ்வகையில் ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ தனிக் கவனத்துக்குரியதாகும். 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘அறம்’ தொகுதியில் அமைந்த இக்கதை, திருவனந்தபுரத்தில் உணவகம் நடத்திய கெத்தேல் சாகிபு என்னும் உண்மை மனிதரை மூலமாகக் கொண்டது.

சாகிபுவின் கடையில் எவரிடமும் காசு கேட்கப்படுவதில்லை. உண்டவர் தாம் விரும்பியதைப் பெட்டியில் இடலாம், இடாமலும் போகலாம். வறுமையோடு கல்வி கற்க வந்த இளைஞன் அங்கு நீண்டகாலம் பணமின்றி உண்கிறான். வேலை பெற்ற பின்னர், திரட்டிய பெருந்தொகையைப் பெட்டியில் இடுகிறான். சாகிபுவின் முகத்தில் மாற்றமேதும் இல்லை, வழமைபோலப் பரிமாறுகிறார். தீர்த்துவிட எண்ணிய கணக்கு தீர்க்கப்படக்கூடியதன்று என அவன் உணரும் இடமே கதையின் உச்சமாகும். முன்னர் தனக்குச் சோற்றைக் கணக்குப் பார்த்து இட்ட மாமியின் மகளை மணக்க அவன் முடிவு செய்வதும் அவ்வுணர்வின் விளைவேயாம்.

இக்கதையை மணிமேகலையோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் ஆபுத்திரன் பலரின் பசி தீர்த்தான். நாட்டில் வளம் பெருகி, ஏற்பார் இல்லாதபோது நிலைகுலைந்தான். ஈற்றில் மணிபல்லவத்தில் தனித்து, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான். ஏற்பவர் இன்றி அவனுக்கு வாழ்வில்லை. சாகிபுவின் நிலை வேறு. அவருடைய பானை அள்ள அள்ளக் குறைவது. நாள்தோறும் அரிசியும் மீனும் வாங்கினாலன்றி அடுப்பு எரியாது. பெட்டியில் காசு விழினும் விழாவிடினும் அவர் கை ஒரே அளவாகவே பரிமாறுகிறது. அற்புதத்தினின்றும் உழைப்புக்கு அறம் இறங்கிவந்த இடம் இதுவெனலாம்.

எனினும் ஒரு குறை சுட்டப்படவேண்டும். கதைசொல்லி சாகிபுவைத் தாய்மையின் உருவமாகக் காண்கிறான். அக்காட்சியின் உணர்ச்சிப் பெருக்கில் கடைக்காரர் என்ற உண்மை மங்கிவிடுகிறது. எமது கருத்தில், அவருடைய தனிச்சிறப்பு இலவசமாக இட்டமையன்று. இறுதிவரை அதனைக் கடையாகவே நடத்தியமையாகும். சத்திரத்தில் நுழைபவன் இரவலன். கடையில் நுழைபவன் வாடிக்கையாளன். பெட்டி ஒன்று இருப்பதனாலேயே, வெறுங்கையோடு வந்தவனும் பிறரைப் போலத் தலைநிமிர்ந்து அமர்கிறான். இட்டவன் எவன், இடாதவன் எவன் என்பதை எவரும் பார்ப்பதில்லை. பசியைத் தீர்ப்பதோடு நாணத்தையும் காக்கும் ஏற்பாடு இது.

இவ்வேறுபாடு கல்முனைக் கரையோர வாசகருக்கு ஏட்டளவில் மட்டும் உரியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை, முதல்நாள் வரை பிறருக்கு இட்ட கைகள் சோற்றுப் பொதிக்காக நீளவேண்டியதாயிற்று. பொதி தந்த கைகளின் நன்மையை எவரும் மறுக்கார். ஆயினும் பெயர் பதிந்து, வரிசையில் நின்று, எண்ணி வாங்கிய சோறு தொண்டையில் இறங்குவது எளிதன்று.

நம் சமூகம் இவ்விரண்டினையும் முன்னரே பிரித்தறிந்துள்ளது. ஸகாத் நாற்பதில் ஒன்று எனக் கணக்கிடப்படும் கடமை. ஸதகாவுக்கோ அளவில்லை, அதனை மறைத்துக் கொடுத்தல் சிறப்பு. சாகிபுவின் பெட்டி இரண்டாவதைச் சார்ந்தது. கதையாசிரியர் இச்சமய வேரினை அகழ்ந்து காட்டவில்லை. சாகிபுவின் மௌனத்துக்கே அதனை விட்டுவிடுகிறார். அவருடைய அகவுலகம் நமக்குத் திறக்கப்படாமை கதையின் எல்லையாகும். ஆயினும், கொடுப்பவனின் பெருமையைவிடப் பெறுபவனின் மானத்தை முன்னிறுத்தியமையால், ‘சோற்றுக்கணக்கு’ நமது ஈகை இலக்கியத்தில் ஒரு புதிய அளவுகோலை நாட்டியுள்ளது என்பது எமது துணிபாகும்.