பசியை வாசித்தவர்கள்

தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் 'ஒருசந்தி' என்னும் சொல் சிந்தனைக்குரியது. நோன்பு நாளைக் குறிக்கும் அச்சொல், அன்று உண்ணப்படும் ஒருவேளை உணவைக் கொண்டே நோன்புக்குப் பெயர் சூட்டுகிறது. நோன்புக்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவுக்குள் சோறும் உண்டு என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இவ்வாறே அளவு காட்டுகிறது. 18 வயது நிறைவுறாதோரையும் 59 வயதைக் கடந்தோரையும் அது நோன்புக் கடமையினின்று விடுவிக்கிறது.

அந்த ஒருவேளை உணவையும் ஒருவர் கைவிடும்போது அதை என்னவென்று அழைப்பது? தவம் என்பதா, நோய் என்பதா, பிடிவாதம் என்பதா? 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சியன்னா நகரில் வாழ்ந்த புனித கத்தரீனை முன்னிறுத்தி இவ்வினாவை எழுப்பிய இரண்டு நூல்களை இங்கே ஒருங்கே வைத்து நோக்க விழைகிறோம். ஒன்று, ரூடால்ஃப் பெல் எழுதி 1985இல் வெளிவந்த 'ஹோலி அனோரெக்சியா'. மற்றொன்று, கரோலின் வாக்கர் பைனம் எழுதி 1987இல் வெளிவந்த 'ஹோலி ஃபீஸ்ட் அண்ட் ஹோலி ஃபாஸ்ட்'. இருவரும் அமெரிக்க வரலாற்று அறிஞர்கள்.

பழங்காலப் புனிதரைப் பற்றிய ஏட்டுச் சர்ச்சை என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. உண்ண மறுக்கும் ஓர் இளம்பெண்ணைச் சுற்றி நிற்போர் அவளை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பது அவளது உயிரோடு தொடர்புடைய செய்தி. 'அனோரெக்சியா நெர்வோசா' எனப்படும் உண்ணா நோயை, மனநோய்களுள் மிகுந்த உயிரிழப்பை விளைவிப்பனவற்றுள் ஒன்றாக இன்றைய மருத்துவம் கணிக்கின்றது.

சாயத் தொழிலாளரின் மகள்

கத்தரீன் 1347இல் பிறந்தவர். தந்தை ஜாக்கொமோ பெனின்காசா சாயத் தொழில் நடத்தியவர்; தாய் லாபா. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த குடும்பம் அது. கத்தரீனோடு இரட்டையாய்ப் பிறந்த ஜொவான்னா, பாலூட்டும் செவிலியிடம் ஒப்படைக்கப்பட்டு மடிந்தாள். தாய்ப்பால் உண்ட கத்தரீன் பிழைத்தார். அவர் பெரிதும் நேசித்த அக்காள் பொனவெந்தூரா 1362இல் பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். வீட்டார் கத்தரீனுக்குத் திருமணம் முடிக்க முனைந்தபோது, அவர் தம் கூந்தலை அரிந்து மறுப்பைத் தெரிவித்தார். அதற்குத் தண்டனையாக அவரது தனியறை பறிக்கப்பட்டது. வேலைக்காரப் பெண்ணின் அடுக்களைப் பணி அவர்மேல் சுமத்தப்பட்டது. தந்தையைக் கிறிஸ்துவாகவும், தாயை மரியன்னையாகவும், உடன்பிறந்தாரைத் திருத்தூதர்களாகவும் எண்ணிக்கொண்டு அவர்களுக்கு அவர் உணவு பரிமாறினார்.

ஏறத்தாழ 16 வயதில் அவரது உணவு அப்பம், நீர், பச்சைக் காய்கறி என்று சுருங்கியது. 23 வயதளவில் அப்பமும் நின்றது. வற்புறுத்தலின் பேரில் விழுங்கிய சிறிதளவையும், செடித் தண்டைத் தொண்டைக்குள் செலுத்தி வெளியேற்றினார். இச்செய்திகளை நமக்குத் தருபவர் அவருடைய ஆன்ம குருவும், சாமிநாதர் சபைத் துறவியுமான கப்புவா நகர் ரெய்முந்து. கத்தரீனின் மறைவுக்குப் பின் 1385 முதல் 1395 வரை பத்தாண்டுகள் உழைத்து அவர் அந்த வரலாற்றை எழுதினார்.

இதே பெண்மணிதான் கொள்ளைநோயாளரிடையே பணி புரிந்தார். 1376இல் அவிஞ்ஞோன் நகருக்குச் சென்று, திருத்தந்தை 11ஆம் கிரகோரியை உரோமைக்குத் திரும்புமாறு வேண்டினார். மன்னர்க்கும் கர்தினால்களுக்கும் கடிதம் எழுதினார். 1380 ஏப்ரல் 29 அன்று, தமது 33ஆம் வயதில், உரோமையில் உயிர் நீத்தார். 1461இல் புனிதர் என்றும், 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்றும் அறிவிக்கப்பெற்றார்.

பெல் கண்ட போராட்டம்

கி.பி. 1200 முதல் இத்தாலிய மண்ணில் வாழ்ந்து, புனிதர், அருளாளர் முதலிய நிலைகளில் திருச்சபையால் ஏற்கப்பெற்ற 261 பெண்களின் வரலாறுகளைப் பெல் திரட்டினார். போதிய சான்று கிடைத்தவர்கள் ஏறத்தாழ 170 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் உண்ணா நோயின் அறிகுறிகள் தென்படுகின்றன என்பது அவரது முடிவு. தந்தை, கணவன், குரு என ஆண்களின் ஆணைக்குள் அடைபட்ட ஒரு பெண்ணுக்கு, தன் வாய் ஒன்றே தன் ஆட்சிக்குட்பட்ட வாயிலாக எஞ்சியிருந்தது. அந்த வாயிலை அடைத்ததன் மூலம் அவள் தன் விடுதலையைத் தேடினாள் என்பது அவர் வாதம்.

இந்நூலின் சிறப்பை நாம் மனமுவந்து ஒப்புக்கொள்கிறோம். வானிலிருந்து இறங்கியது போல் நாம் படித்துவந்த ஒரு வாழ்க்கைக்கு அடுக்களையையும், பிள்ளைப்பேற்றில் மாண்ட அக்காளையும், மணம் பேசிய வீட்டாரையும் பெல் மீட்டுத் தந்தார். புனிதத்திற்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதை மறந்த பக்தி இலக்கியத்திற்கு இது தேவையான திருத்தம்.

எனினும் இரண்டு தடைகளை எழுப்ப வேண்டியுள்ளது. 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரை 1870களில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் வழங்கினார். ஐந்து நூற்றாண்டு கழித்துப் பிறந்த பெயரைச் சியன்னாவின் அடுக்களைக்குள் கொண்டுசெல்கையில், அப்பெயரோடு வந்து ஒட்டும் மெலிவு வேட்கையையும் கண்ணாடியையும் எங்கே இறக்கி வைப்பது? பெல்லின் நூலுக்குப் பின்னுரை எழுதிய உளவியலாளர் வில்லியம் டேவிஸ் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார். இன்றைய பெண் மெலிவை நாடுகிறாள், அன்றைய பெண் புனிதத்தை நாடினாள் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். இரண்டாவது தடை, சான்றைப் பற்றியது. ரெய்முந்தின் நூல் ஒருவரது புனிதத்தை நிலைநாட்டும் பொருட்டு எழுதப்பட்டது. அதனை மருத்துவமனைக் குறிப்பேட்டைப் போல் படிப்பது இலக்கிய வகையை மறந்த வாசிப்பாகும்.

பைனம் கண்ட விருந்து

பைனம் வேறொரு திசையிலிருந்து வருகிறார். இடைக்கால ஐரோப்பாவில் நிலம், பொன், அதிகாரம் ஆகியவை ஆண்கள் வசம் இருந்தன. சமைப்பதும் பரிமாறுவதும் பெண்களின் வசம் இருந்தன. ஒருவர் தம்மிடம் இருப்பதைத்தான் துறக்க இயலும். பெண்ணிடம் இருந்தது உணவு. எனவே அவள் உண்ணாதிருத்தலையும், பிறர்க்கு உணவளித்தலையும், நற்கருணை மீது கொண்ட தாகத்தையும் ஒரே வாக்கியத்தின் மூன்று சொற்களாகப் படிக்க வேண்டும் என்கிறார் பைனம். கத்தரீன் வீட்டுப் பண்டங்களை ஏழைகளுக்கு வாரி வழங்கினார். தாம் உண்ணாத அப்பத்தைப் பிறர் உண்ணச் செய்தார். நற்கருணையையே தம் உணவாகக் கொண்டார். தம் உடலைத் தாமே உணவாகத் தந்த கிறிஸ்துவோடு ஒன்றிப்பதற்கு உடலே வழியாயிற்று. இதனை உடல் வெறுப்பு என்று மட்டும் சுருக்குவது அவர்களது காலத்தை அவமதிப்பதாகும் என்பது அவர் துணிபு.

உண்ணாமைக்குரிய பொருளைச் சமுதாயமே தருகிறது என்ற கருத்துக்குப் பிற்கால மருத்துவ ஆய்வுகளும் அரண் செய்கின்றன. ஹாங்காங்கில் உண்ணா நோயுற்ற 70 பேரை ஆராய்ந்து சிங் லீயும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் பருமனைப் பற்றிய அச்சமே காணப்படவில்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்பன போன்ற காரணங்களையே அவர்கள் கூறினர். மறுபுறம், கட்டான பெருத்த உடலைப் போற்றிவந்த ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டும், மூன்றாண்டு கழித்து 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆன் பெக்கர் ஆராய்ந்தார். உணவு பற்றிய கவலைக்குரிய மனநிலை 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எடை குறைக்க வாந்தியெடுக்கும் பழக்கம் 1995இல் ஒருவரிடமும் இல்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. சியன்னாவில் திருப்பீடமும், ஹாங்காங்கில் வயிற்று உப்புசமும், நட்ரோகாவில் தொலைக்காட்சித் திரையும் உண்ணாமைக்கு மொழி தந்தன எனலாம்.

பைனத்தின் நூல் இரண்டினுள் ஆழமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பொருள் காணும் அழகில் ஓர் இடர் உண்டு. அடையாளங்கள் ஒன்றோடொன்று இசைந்து முழுமை பெறும்போது, உண்ணாதிருப்பதே அந்த வாழ்வுக்குப் பொருத்தமான முடிவு போலத் தோன்றிவிடுகிறது. பைனம் துன்பத்தை மறைக்கவில்லை. படிக்கும் நாம்தான் அதனை மறந்துவிடுகிறோம்.

பசியே எழுதும் பக்கங்கள்

இவ்விரு நூல்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துப் படிப்பது நலம். ஆன்செல் கீஸும் அவர் குழுவினரும் 1950இல் வெளியிட்ட, மானுடப் பட்டினியின் உயிரியலைப் பற்றிய இருபாக ஆய்வு நூலே அது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், மனச்சான்றின் பொருட்டுப் படையில் சேர மறுத்த 36 இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமாகவே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தனர். உள்ளத்தில் நேர்ந்த மாற்றமே நமக்கு முதன்மையானது. சமையற் குறிப்புகளை அவர்கள் ஆர்வத்தோடு படித்தனர், உணவைப் பற்றியே பேசினர், தட்டை நக்கினர், எரிச்சலும் சோர்வும் கொண்டு நண்பரை விட்டு விலகினர். தடையின்றி உண்ண அனுமதித்த பின்னரும் சிலருக்கு நெடுநாள் வயிறு நிறைந்த உணர்வே தோன்றவில்லை.

இவர்கள் துறவியருமல்லர், மெலிவை விரும்பியவருமல்லர். நலமான உள்ளத்தோடு வந்தவர்கள். பட்டினி ஓர் எல்லையைத் தாண்டினால் அதுவே உள்ளத்தை ஆளத் தொடங்குகிறது என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். நோன்பு விருப்பமாகத் தொடங்கலாம். பின்னர் 'உண்ணமாட்டேன்' என்பது 'உண்ண இயலவில்லை' என்று மாறும் ஒரு நாள் வருகிறது. அந்நாளை நோன்பிருப்பவரும் அறியார், காண்பவரும் அறியார்.

ரெய்முந்தின் நூலிலேயே அத்தகைய நாளின் சுவடு தெரிகிறது. கத்தரீனின் முந்தைய ஆன்ம குருவான தொம்மாசோ, நாள்தோறும் உண்ணுமாறு அவருக்குக் கட்டளையிட்டார். அவரும் பணிந்து உண்டார். உடல் மோசமாகப் பாதிக்கப்பட்டது. நோன்பினால் உயிரை மாய்ப்பது குற்றமாயின், உணவினால் மாய்ப்பதும் குற்றமன்றோ என்று அவர் வினவ, குரு விடையற்றுத் தம் கட்டளையைத் திரும்பப் பெற்றார். புனித வரலாறு இதனை ஒரு வெற்றியாகச் சொல்கிறது. நமக்கோ, உணவோடு அருகில் நின்ற ஒருவரும் விலகிய இடமாக இது படுகிறது.

அவரே எழுதிய கடிதம்

பெல்லும் பைனமும் அறிந்திருந்த, ஆனால் நாம் நடுவில் வைத்துப் படிக்க வேண்டிய சான்று ஒன்று உண்டு. அது கத்தரீனின் கடிதம். அவரது பட்டினி தீய ஆவியின் ஏமாற்றோ என ஐயுற்ற புளோரன்ஸ் நகரத் துறவி ஒருவருக்கு அவர் விடை எழுதினார். தமக்கும் அவ்வச்சம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ தம்மைக் கட்டாயப்படுத்தி உணவு உட்கொள்வதாகத் தெரிவிக்கிறார். உண்பதில் ஏனையோரைப் போல வாழும் அருளைத் தமக்குத் தருமாறு இறைவனை வேண்டி வருவதாகவும், ஏதேனும் தீர்வு தெரிந்தால் எழுதுமாறும், இறைமாட்சிக்கு உகந்ததெனின் அதனை மகிழ்வோடு ஏற்பதாகவும் குறிப்பிடுகிறார்.

பெல் காட்டும் வெற்றி வீராங்கனை இக்கடிதத்தில் இல்லை. பைனத்தின் நிறைவான விருந்தும் இல்லை. உண்ண விரும்பி இயலாமல் தவிக்கும் ஒருவர் உதவி கேட்கிறார். தவ முயற்சியைக் கருவியாகக் கொள்ள வேண்டும், அதனையே குறிக்கோளாகக் கொண்டோர் தம் நிறைவுக்குத் தாமே தடையாவர் என்று தமது 'உரையாடல்' நூலில் கற்பித்தவரும், அளவோடு நோன்பிருக்குமாறு பிறர்க்கு எழுதியவரும் அவரே. கத்தரீனின் புனிதம் அவரது அன்பிலும் துணிவிலும் உண்மையிலும் விளங்குகிறது. பட்டினியை அதன் சான்றாக்கியது அவரைச் சுற்றி நின்ற வாசகர் கூட்டம் என்பதே நமது துணிபு.

அத்தகைய வாசிப்பு எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் வேல்ஸ் நாடு ஒரு சாட்சி. சாரா ஜேக்கப் என்னும் உழவர் மகள் ஈராண்டாக உண்ணாமல் வாழ்கிறாள் என்று செய்தி பரவ, மக்கள் காணிக்கையோடு திரண்டனர். உண்மையைச் சோதிக்க இலண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து செவிலியர் நால்வர் வந்தனர். அவளாகக் கேட்டால் உணவு தரலாம், தாமாகத் தரலாகாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி. அவள் கேட்கவில்லை. காவல் தொடங்கி எட்டே நாளில், 1869 டிசம்பர் 17 அன்று, 12 வயதில் அவள் இறந்தாள். மறு ஆண்டு பெற்றோர் இருவரும் சிறை சென்றனர். நம்பியோரும் ஐயுற்றோரும் அவளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தனர், ஒருவரும் ஊட்டவில்லை.

இன்று நம் பங்கிலோ பள்ளியிலோ ஒரு சிறுமி தட்டை ஒதுக்கும்போது, பக்தி மிகுந்த பிள்ளை என்றோ, அழகுணர்வு மிகுந்த பிள்ளை என்றோ, பிடிவாதக்காரி என்றோ நாமும் விரைந்து பொருள் சொல்லிவிடுகிறோம். அப்பொருள் புகழாயின் அவள் அதைக் காக்க மேலும் உண்ணாதிருப்பாள். பழியாயின் மறைந்து உண்ணாதிருப்பாள். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சை முறை, பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், அவர்களையே மகளின் உணவுக்குப் பொறுப்பாக்கி மேசையில் உடன் அமரச் செய்கிறது. மருத்துவரும் பெற்றோரும் குருக்களும் ஆசிரியரும் புளோரன்ஸுக்கு எழுதப்பட்ட அக்கடிதத்தைத் தமக்கு வந்ததாகவே கொண்டு படிப்பார்களாயின், கத்தரீன் அன்று கேட்ட உதவி இன்று வேறொருத்திக்கேனும் காலத்தில் சென்று சேரும்.