ரோஸ் கண்ணாடியும் நெளியும் வரிகளும்: பசியாவரத்தில் ஒரு பரிசோதனை

படிக்க உட்கார்ந்தால் எழுத்து நெளிகிறது, வரி நழுவுகிறது, கொஞ்ச நேரத்தில் நெற்றி வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கு நிறக் கண்ணாடியைச் சிபாரிசு செய்வது பெருகியிருக்கிறது. ரோஸ் போட்டால் எழுத்து நிற்கும், மஞ்சள் போட்டால் கூச்சம் குறையும், நீலம் போட்டால் வேகமாகப் படிக்கலாம் என்கிறார்கள். பெரியவர்கள் ஆசைப்பட்டு வாங்கினால் போகட்டும் என்று விடலாம். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையே என்று தவிக்கிற பெற்றோரிடம் இதையே மருந்தாக விற்கும்போது, சோதித்துப் பார்க்காமல் விட முடியாது.

ஒரே மாதிரி ஃபிரேமில் ஐந்து கண்ணாடிகள் எடுத்துக்கொண்டேன்: ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தரப்படும் எஃப்.எல்-41 வகை ரோஸ், மஞ்சள், இளநீலம், சாம்பல் நிற போலரைஸ்டு, நிறமும் பவரும் இல்லாத வெறும் கண்ணாடி. கூடவே, புத்தகத்தின் மேல் விரித்துப் படிக்கும் வண்ண பிளாஸ்டிக் தாள்களும், கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் +2.00 வாசிப்புக் கண்ணாடி ஒன்றும். சோதித்த இடம் பழவேற்காடு ஏரியை ஒட்டிய பசியாவரம்.

இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் வெளிச்சம். சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆழம் குறைவு, பரப்பு அதிகம், சுற்றிலும் வெளிறிய மணல். வெயில் ஏறினால் மேலிருந்தும் கீழிருந்தும் கண்ணைக் கூசவைக்கும். வலை பொத்துவதும் ஓலை முடைவதும் ஏறக்குறைய படிப்பைப் போலவே கண்ணைக் கிட்டத்தில் நிறுத்திச் செய்கிற வேலைதான். கண்கூச்சத்துக்கு நிறம்தான் தீர்வென்றால், அது இங்கே தெரிந்தாக வேண்டும்.

இந்த யோசனைக்கு நாற்பது வருட வரலாறு உண்டு. நியூசிலாந்தில் ஆலிவ் மேர்ஸ் 1980-இலும், அமெரிக்காவில் ஹெலன் இர்லன் 1983-இலும், சிலருக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து அசைவதுபோலத் தெரிகிறது, நிறத் தாள் வைத்தால் அடங்குகிறது என்று சொன்னார்கள். இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் பிரிட்டனின் ஆர்னால்டு வில்கின்ஸ். அவருடைய வாதத்தில் விஷயம் இருக்கிறது. அச்சிட்ட பக்கம் என்பது மூளைக்குக் கோடு கோடான பட்டை. அந்தப் பட்டை ஒரு குறிப்பிட்ட நெருக்கத்தில் இருந்தால், அதாவது 40 செ.மீ. தூரத்தில் 7 மி.மீ. அகலத்துக்குள் மூன்று கறுப்பு வெள்ளை ஜோடிகள் என்ற அளவில் இருந்தால், பலருக்கும் கண் உறுத்தும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக உறுத்தும். சட்டைத் துணியில் நெருக்கமான கோடுகளைப் பார்த்துக் கண் சுழன்ற அனுபவம் பலருக்கும் இருக்கும்.

வில்கின்ஸ் உருவாக்கிய வாசிப்பு வேகச் சோதனையைத் தமிழுக்கு மாற்றினேன். 15 சின்னச் சொற்கள், ஒவ்வொரு வரியிலும் வரிசை மாறி வரும், மொத்தம் பத்து வரி. கண், மீன், வலை, வீடு, நான் என்று எல்லோரும் அறிந்த சொற்கள்தான். அர்த்தத்தை வைத்து ஊகிக்க முடியாது, கண் ஒவ்வொரு சொல்லையும் பார்த்தே ஆகவேண்டும். ஒரு நிமிடம் உரக்கப் படிக்கவைத்து, சரியாகச் சொன்ன சொற்களை எண்ணுவது. எழுத்தை வேண்டுமென்றே பொடியாகவும் வரிகளை நெருக்கமாகவும் அச்சடித்தேன்.

ஊரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிவைத்தாற்போல எல்லா அறிகுறியும் இருந்தது. "ரெண்டு பக்கம் படிச்சா வரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுண்ணா" என்றார். ரோஸ் போட்டதும் முகம் மலர்ந்தது. "இது நல்லா இருக்குண்ணா, எழுத்து நிக்குது." சொற்களை எண்ணினால் ரோஸில் கூடுதல்தான். ஆனால் அடுத்த சுற்றில் வெறும் கண்ணாடியில் அதே அளவு வந்தது. அதற்கடுத்த சுற்றில் நீலம் முந்தியது. ஒரே கண்ணாடியை இருமுறை போட்டுப் படித்தால் வருகிற ஏற்ற இறக்கத்தைவிட, கண்ணாடிக்குக் கண்ணாடி இருந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. பழகப் பழக வேகம் கூடியதுதான் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு கண்ணாடிகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பேனா முனையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுபோனேன். பெரும்பாலானவர்களுக்கு நான்கு விரற்கடைக்குள் வரும்வரை முனை ஒன்றாகவே தெரியும். இவருக்கு ஒரு சாண் தள்ளியே இரண்டாகிவிட்டது. வலக்கண் நகராமல் நிற்க, இடக்கண் மட்டும் வெளியே விலகுவதை நானே பார்த்தேன். கிட்டத்தில் இரண்டு கண்ணும் ஒரு புள்ளியில் குவிய மறுக்கிற குறை இது. வரி வரிமேல் ஏறுவதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை. எந்த நிறமும் இதைத் தொடாது, பயிற்சி தொடும். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 221 சிறுவர் சிறுமியரைச் சோதித்தார்கள். கண் மருத்துவ நிலையத்தில் நேரில் தந்த பயிற்சியோடு வீட்டுப் பயிற்சியும் சேர்ந்தபோது, நான்கில் மூன்று பேருக்குக் குறை நீங்கியது அல்லது நன்றாகக் குறைந்தது. அவரைக் கண் மருத்துவரிடம் போகச் சொன்னேன். பேனா சோதனை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டியது மருத்துவர்.

ஒரு கிராமத்தில் நான் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பெரிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. வில்கின்ஸ் குழு 1994-இல் நடத்திய சோதனையில், குழந்தைக்குச் சரியான நிறமும் அதற்கு மிக நெருங்கிய தவறான நிறமும் எது எதென்று தெரியாமல் கொடுத்தார்கள். சரியான நிறம் போட்ட நாட்களில் தலைவலியும் கண்வலியும் குறைவு என்று வந்தது. ஆனால் 68 குழந்தைகளில் 36 பேருடைய நாட்குறிப்புதான் முழுமையாகக் கிடைத்தது. 2011-இல் ஸ்காட்லாந்தில் வாசிப்பில் பின்தங்கிய 61 குழந்தைகளை இர்லன் முறைப்படி பரிசோதித்தபோது, 77 சதவீதம் பேருக்கு இர்லன் சொன்ன குறை இருப்பதாக முடிவு வந்தது. அவர்களுக்குச் சிபாரிசான நிறத் தாளும், வேறு நிறத் தாளும், நிறமில்லாத தாளும் கொடுத்துப் படிக்கச் சொன்னால் வேகத்தில் வித்தியாசம் இல்லை. நான்கில் மூன்று பேரைப் பிடிக்கிற ஒரு பரிசோதனை எதைத்தான் பிரித்துக் காட்டுகிறது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் சேர்ந்து, வாசிப்புக் குறைபாட்டுக்கு நிறக் கண்ணாடி வேண்டாம் என்று 2009-லேயே அறிக்கை விட்டிருக்கின்றன.

இனி வலைக்கு வருகிறேன். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் இதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன் மணலில் காலை நீட்டி, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துப் பொத்திக்கொண்டிருந்தார். இறால் வலை, பொடிக் கண். வெளிர் மணல்மேல் நைலான் நூல் கட்டம் கட்டமாக விரிந்து கிடக்க, அறுந்த கண்ணைத் தேடி ஊசியை நுழைக்க வேண்டும். வில்கின்ஸ் சொன்ன உறுத்தும் பட்டைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. மஞ்சள் கண்ணாடியைக் கொடுத்தேன். "வெயில் கொறஞ்சாப்ல இருக்குது தம்பி. ஆனா முடிச்சு தெரியலியே" என்றார். ரோஸிலும் அதேதான். வலையைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தார். நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து.

+2.00 கண்ணாடியை மாட்டியதும் வலை மடிக்கு வந்தது, தலை நிமிர்ந்தது. தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த முடிச்சை இப்போது பார்த்தே போட்டார். இந்த மாற்றத்தை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். போடாதவர்களைவிடப் போட்டவர்களுடைய கொழுந்து பறிப்பு 21.7 சதவீதம் கூடுதல். இந்த ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. சில நூறு ரூபாய்க்கு ஒரு கருவி இந்த அளவு பலன் தந்தால், அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

நிறத்துக்கு இங்கே வேலையே இல்லையா? உண்டு, ஆனால் ஏரிமேல். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் விழும். மரநிழலில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மூன்றாம் வகைக் குளிர்க்கண்ணாடி 8 முதல் 18 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும். அதாவது வெயிலில் கறுப்புக் கண்ணாடியோடு பேப்பர் படிப்பதும், புன்னை நிழலுக்கு நகர்ந்து வெறும் கண்ணால் படிப்பதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். படிப்பவர் நிழலுக்கு நகரலாம். படகில் நிற்பவருக்கு நகர இடமில்லை.

அங்கே போலரைஸ்டு ஜெயித்தது. நீரில் பட்டுத் தெறிக்கிற ஒளி, செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது முழுக்கப் படுக்கைவாட்டில் அதிரும். இந்தக் கண்ணாடி அதைத்தான் தடுக்கிறது. படகில் நிற்கிறவரின் கண் நீரிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் என்றால், இரண்டரை மீட்டருக்குச் சற்றுத் தள்ளி விழும் பளபளப்பு அப்படியே வடிந்துவிடும். ஆழமில்லாத இடத்தில் அடியிலுள்ள பாசி தெரிந்தது. தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் பளபளப்பு திரும்ப வந்தது. படிப்பில் இதன் பயன் வழவழத் தாளில் அச்சான பத்திரிகையோடு சரி. நாளிதழ்த் தாளில் இருட்டைத் தவிர ஒன்றும் சேராது. ஒரு தொல்லையும் உண்டு: போனைப் பக்கவாட்டில் திருப்பினால் திரை கறுத்துவிடுகிறது. ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டுபவர்கள் வாங்கும் முன் தங்கள் கருவித் திரையில் சோதித்துவிட வேண்டும். விடியலுக்கு முன் கிளம்பும்போது எந்த நிறமும் வேண்டாம். இரவில் வண்டி ஓட்ட விற்கும் மஞ்சள் கண்ணாடியால் எதிரில் வருபவர் கூடுதலாகத் தெரிவதில்லை என்று 2019-இல் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ரோஸும் நீலமும் சிவப்பு, பச்சை விளக்குகளைக் குழப்பும்.

ரோஸ் கண்ணாடிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியது இரவில்தான். பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, சிலரின் மூளைக்குத் தெரியும். இதே வில்கின்ஸ் 1989-இல் ஓர் அலுவலகத்தில் டியூப்லைட்டுகளுக்கு அதிவேக எலக்ட்ரானிக் சோக் போட்டுப் பார்த்தபோது தலைவலி பாதிக்கும் கீழே போனது. எஃப்.எல்-41 ரோஸ் அப்படிப்பட்ட விளக்கில் கூசுபவர்களுக்காக வந்த நிறம். 1991-இல் ஒற்றைத் தலைவலியுள்ள 20 குழந்தைகளிடம் சோதித்தபோது, அதைப் போட்டவர்களுக்கு மாதம் 6.2 தடவை வந்த வலி 1.6 ஆகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நம்பத் தோன்றுகிறது. எனக்கும் அந்த விளக்கொளியில் ரோஸ் இதமாக இருந்தது. எல்.இ.டி. பல்பு துடிக்கிறதா என்று பார்க்க, போன் கேமராவை அதன்மேல் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டை ஓடினால் முதலில் பல்பை மாற்றுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் யூ.வி.400 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்பு, பாவையை விரியவைத்துக் கூடுதல் கதிரை உள்ளே விடும். கண்ணில் சதை வளர்வதற்கு வெயிலும் காரணம் என்பதால் கரையோர மக்களுக்கு இது முக்கியம். கம்ப்யூட்டர் பார்ப்பதற்கென்று விற்கும் நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி வேண்டாம். 2023-இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண் சோர்வு குறைவதற்கு ஆதாரம் காணவில்லை.

பிள்ளை படிக்கத் திணறினால் முதலில் கிட்டத்துப் பவரையும் இரண்டு கண்ணும் குவிவதையும் கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வருகிற கண் பரிசோதனைக் குழு தூரத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொன்னால், கிட்டத்தில் படிக்கவைத்தும் பார்க்கும்படி கேளுங்கள். கண்ணில் குறையில்லை, ஆனால் எழுத்தும் ஒலியும் இணையவில்லை என்றால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் அதற்குப் பயிற்சி தருகிறது. பிள்ளைக்கு மஞ்சள் தாள் வைத்துப் படிக்கப் பிடிக்கிறது என்றால் வைத்துக்கொள்ளட்டும். பத்து ரூபாய்த் தாளால் கெடுதல் இல்லை. பயிற்சி வகுப்பை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.