வழிகாட்டி இல்லாத களப்பயணம்

கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த ஒரு ஏற்பாட்டை இன்று கல்விப் புதுமை என்று கருத்தரங்குகளில் கொண்டாடுகிறார்கள். பி.எட். மாணவி தம் ஊர்க் கண்மாய்க்குத் தனியாகப் போவார். கையிலுள்ள செயலி செடியையும் பறவையையும் அடையாளம் சொல்லும். இடக்குறியோடு எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். பேராசிரியர் கல்லூரியில் இருந்தபடியே மதிப்பெண் போடுவார். இதில் நன்மை இல்லாமலில்லை. பஸ் செலவு மிச்சம். கைக்குழந்தையோடு படிக்கும் பெண்களுக்கு உண்மையிலேயே உதவி. 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் கைபேசிதான் கைகொடுத்தது என்பார்கள். சரிதான். ஆனால் அங்கே பதிவு செய்பவர் பெரும்பாலும் பறவை பார்க்கத் தெரிந்தவர், அல்லது தெரிந்தவர் பக்கத்தில் நிற்பவர்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை ஒட்டிய வேட்டங்குடி 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பருவத்தில் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயின் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். படத்தைக் காட்டினால் செயலி நொடியில் பெயர் சொல்லிவிடும். வளர்ந்த நாரையின் அலகு நடுவில் மூடாது, இடைவெளி விட்டிருக்கும். குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இருக்காது. வளர வளர ஏன் வருகிறது? நத்தையைக் கையாள எப்படி உதவுகிறது? ஒரு வாரப் பாடத்துக்கான கேள்விகள் அந்த ஒரே கூட்டில் இருக்கின்றன. மாணவி அனுப்புவதோ தெளிவாக நிற்கும் தாய்ப்பறவையின் படம். படம் சரி, பெயர் சரி, மதிப்பெண்ணும் முழுசு. அவர் குஞ்சைப் பார்க்கவே இல்லை என்பது பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? அனுப்பியதைத்தான் திருத்த முடியும். பார்க்கத் தவறியதைத் திருத்த முடியாது. பக்கத்தில் நின்றிருந்தால், “அந்தக் குஞ்சோட மூக்கைப் பாரும்மா” என்ற ஒரு வார்த்தையில் வேலை முடிந்திருக்கும். களத்தில் வழிகாட்டிக்கு உள்ள முக்கிய வேலையே அதுதான். வழிகாட்டி சொல்லக்கூடியது இன்னும் உண்டு: பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் கொள்ளுகுடிப்பட்டி. படத்தின் இடக்குறியில் ஊர்ப்பெயர் இருக்கும், இந்தச் சேதி இருக்காது.

வீடியோ அழைப்பில் கூடவே இருக்கலாமே என்பது அடுத்த வாதம். கேமரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவர் இன்னும் பார்க்கப் பழகாத மாணவிதான். பேராசிரியர் அவர் கண்ணுக்குள் அடைபட்டுக் கிடப்பார். பெயர் வெறும் தொடக்கம், கேள்விகள் பிறகு வரும் என்றும் சொல்கிறார்கள். பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு வரும். ரெக்கார்டு நோட்டை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியவருக்குப் பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது. போதாததற்கு, கல்லூரிகளுக்கான நாக் (NAAC) தர மதிப்பீட்டுக்கு இடக்குறிப் படங்கள் சான்றாக வேண்டியிருப்பதால், களப்பயணத்துக்காகப் படம் என்பது போய்ப் படத்துக்காகக் களப்பயணம் என்றாகிவிட்டது. நாளை இதே மாணவி போய் நிற்கப்போகும் பள்ளியில் பிள்ளைகள் கைபேசி கொண்டுவரக் கூடாது. நாற்பது பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் நிற்கும்போது செயலி இருக்காது. “டீச்சர், இது ஏன் இப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் அவர்களையே இன்னும் கொஞ்சம் பார்க்கவைக்கும் நிதானம்தான் அப்போது தேவை. நொடியில் விடை தரும் கருவியிடம் அந்த நிதானம் பழகாது.

கைபேசியை விலக்கச் சொல்லவில்லை. முதலில் நோட்டில் வரையட்டும், கேள்வி எழுதட்டும். திரும்பி வந்து செயலியில் சரிபார்க்கட்டும். ஆனால் முதல் சில பயணங்களில் பேராசிரியர் வெயிலில் கூட நிற்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்பது நம்பும்படி இல்லை. ஆசிரியர் கல்விக்கான 2014 விதிமுறை பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளிப் பயிற்சிக்கே 20 வாரம் ஒதுக்கியது. அதில் ஒரு காலைப்பொழுதைக்கூட ஒதுக்க முடியாதா? 1950-லேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கண்ட காரைக்குடியிலிருந்து வேட்டங்குடிக்கு வேனில் ஒரு மணி நேரப் பயணம்தான்.